சிறுமலையிலிருந்து வந்த தும்பை

விடிந்தும் விடியாத வேளை. நான் கொல்லைக் கதவைத் திறந்தேன். நெஞ்செரிச்சலில் தூக்கம் போன என் மருமகள் ரேவதி, மேடிட்ட வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு எனக்குப் பின்னால் வந்தாள். கிணற்றடியில் எங்கள் வீட்டுக்காரர் குனிந்து நின்றிருந்தார். நெற்றி நிறையத் திருநீறு, இடது கையில் ஓலைக் குடலை. வலது கை செடிக்கும் குடலைக்குமாகப் போய் வந்துகொண்டிருந்தது.

குடலைக்குள் வெள்ளை வெளேரென்று பூ.

ரேவதி படியிலேயே நின்றுவிட்டாள்.

"மாமா, என்ன செய்றீங்க?"

"சாமிக்குப் பூ எடுக்குறேன்மா. இங்குட்டு வந்து பாரு. மழையே இல்லாத வருசத்துல நம்ம கொல்லையில மட்டும் எப்படிப் பூத்திருக்குன்னு. சிவனே வந்து நட்டு வச்ச மாதிரில்ல இருக்கு."

"தினமும் எடுக்குறீங்களா?"

"பூத்த நாள்லேருந்து ஒரு நாள் விட்டதில்ல." சொல்லும்போது முகத்தில் அப்படி ஒரு பெருமை. "பூவச் செடியிலயே விட்டா செடி சத்துக் கெட்டுப் போகும்மா. துளசிக்குக் கதிரக் கிள்ளி விடுறதில்லையா, அது மாதிரிதான். நான் பறிக்கப் பறிக்கத்தான் அது பூக்குது."

"விதைக்குத்தான் மாமா விட்டு வச்சிருந்தேன்."

அவ்வளவுதான் சொன்னாள். அழவில்லை, கோபப்படவில்லை. திரும்பி உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். இவர் கையில் குடலையோடு என்னைப் பார்த்தார். அடுப்பில் பால் பொங்குகிற சத்தம் கேட்டது, அதைச் சாக்காக வைத்து நானும் உள்ளே வந்துவிட்டேன்.

போன வாரம் இந்தப் பத்தியில் என் பழைய தையல் மிஷின் கதையைப் படித்துவிட்டு நாச்சியாபுரத்திலிருந்து ஒரு வாசகி போன் செய்தார். "டீச்சர், வீட்டுக்காரரை ரொம்பத்தான் கேலி பண்ணுறீக" என்றார். சரி, இந்த வாரம் அவருக்கு நியாயம் செய்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். நியாயம் செய்ய வேண்டுமானால் முதலில் அவர் செய்த அநியாயத்தைச் சொல்லாமல் முடியாது. அதைத்தான் மேலே சொன்னேன்.

மடியில் வந்த வாளி

ரேவதிக்குச் சொந்த ஊர் சிறுமலை. திண்டுக்கல்லுக்குப் பக்கத்தில் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் போக வேண்டிய ஊர். என் மகன் கார்த்தி திண்டுக்கல்லில் படிக்கும்போது பழக்கமாகி, இரண்டு வீட்டிலும் பெரிய சண்டை இல்லாமல் நடந்த கல்யாணம். கார்த்திக்குப் புதுக்கோட்டையில் வேலை. காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வீடு. ஆகையால் இந்தக் கதையில் அவன் அதிகம் வர மாட்டான். ரேவதி இங்கே காரைக்குடியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள்.

அவள் அப்பா மாரிமுத்து, மலையில் யாருக்கோ சொந்தமான காப்பித் தோட்டத்தில் காவலும் வேலையுமாக இருந்தவர். தோட்டத்துக்குள்ளேயே ஓட்டு வீடு. ரேவதி பிறந்தது, வளர்ந்தது எல்லாம் அந்த வீட்டில்தான். கல்யாணம் முடிந்த கொஞ்ச காலத்திலேயே அவள் அம்மா காய்ச்சலில் படுத்தார், எழுந்திருக்கவில்லை. அடுத்து தோட்டம் கைமாறியது. வாங்கியவர்கள் தங்கும் விடுதி கட்டப் போவதாகச் சொன்னார்கள். வீட்டைக் காலி செய்துவிட்டு மாரிமுத்து திருப்பூரில் மகனிடம் போய்விட்டார். மாடியில் ஒற்றை அறை. மகன், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகள், அதற்கு நடுவில் மாரிமுத்து.

வீடு காலி செய்யப் போன ரேவதி பஸ்ஸில் திரும்பி வந்தாள். மடியில் ஒரு பெயின்ட் வாளி. அதற்குள் முழங்கால் உயரத்தில் ஒரு செடி.

"பாத்திரம் பண்டம் ஒண்ணும் எடுத்துட்டு வரலையாம்மா?" என்று கேட்டேன்.

"இது போதும் அத்தை. அம்மா துவைக்கிற கல்லுப் பக்கத்துல நின்னுச்சு. சோப்புத் தண்ணி அங்கதான் ஓடும், ஆனாலும் வேற எடத்துல நட விட மாட்டாங்க."

அவள் மலைத்தமிழில் 'ங்க' போட்டுப் பேசுவாள். நாங்கள் 'வாரீக, போனீக' என்போம். வந்த புதிதில் நாங்கள் பேசுவதைக் கேட்டு அவளுக்குச் சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பு அன்றைக்கு இல்லை.

தும்பைக்குப் பெரியப்பா

செடியைப் பார்த்ததும் 'தும்பை மாதிரி இருக்கே' என்றுதான் எனக்குத் தோன்றியது. தும்பையை அறியாதவர் யார்? வெளுத்த வேட்டி என்றாலும் தும்பைப்பூ, பதமாக வெந்த இட்லி என்றாலும் தும்பைப்பூ. பள்ளிக்கூடம் போகிற வழியில் அதைப் பறித்துக் காம்புப் பக்கம் உறிஞ்சினால் நாக்கில் துளியூண்டு இனிப்பு ஒட்டும். பூவை விட்டுவிட்டு அந்தத் துளிக்காக நாங்கள் அடித்துக்கொண்டதை நினைத்தால் இப்போதும் சிரிப்பாக இருக்கிறது.

"தும்பைதான் அத்தை, ஆனா மலைத்தும்பை. ஒங்க ஊர்த் தும்பைக்குப் பெரியப்பா முறை வேணும்" என்றாள் ரேவதி.

இலை சாம்பல் பூத்த பச்சை. தொட்டால் கன்றுக்குட்டியின் காதைத் தொட்டது போல இருக்கும். கசக்கி முகர்ந்தால் துளசியும் புதினாவும் கலந்து, கூடவே ஈரக்கல் வாசமும் அடிக்கும். "தண்டைத் தடவிப் பாருங்க" என்றாள். தடவினேன். உருண்டையாக இல்லை, என் தையல் வகுப்பு அளவுகோல் போல விளிம்பு விளிம்பாக இருந்தது. துளசி, தும்பை, புதினா, கற்பூரவள்ளி எல்லாம் ஒரே குடும்பம், அந்தக் குடும்பத்துக்குத் தண்டு சதுரமாகத்தான் இருக்கும் என்று செல்போனில் படித்துக் காட்டினாள். இத்தனை வருடம் வீட்டில் துளசி வைத்திருக்கிறேன், அதன் தண்டை ஒரு நாளும் தடவிப் பார்த்ததில்லை.

கிணற்றடியில், எங்கள் வீட்டுத் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்திலேயே இடம் பார்த்து நட்டாள். மலையில் மேகம் வந்து மூடுகிற செடி இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. காரைக்குடி வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, செம்மண்ணில் செருப்பில்லாமல் நடந்தவர்களுக்குத் தெரியும். "பங்குனி தாண்டாது" என்று பார்த்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். இவருடைய பழைய வேட்டியை இரண்டாகக் கிழித்துச் சேர்த்துத் தைத்து, நாலு குச்சி நட்டு நான் ஒரு பந்தல் போட்டுக் கொடுத்தேன். என் வாழ்நாளில் நான் தைத்ததில் அளவு சரியாக இருந்தது அது ஒன்றுதான் என்று இவர் சொல்லித் திரிந்தார்.

பங்குனி தாண்டியது. சித்திரை தாண்டியது. கிளையை ஒடித்து வேறு தொட்டியில் வைத்துப் பார்த்தாள். வைத்ததெல்லாம் அழுகிப்போனது. தாய்ச்செடியும் அடியில் மஞ்சள் தட்டி, மேலே மட்டும் பச்சையாக நின்றது. "ஒரு தடவை பூத்து விதை விட்டுருச்சுன்னா போதும் அத்தை. அப்புறம் அது போனாலும் பரவாயில்லை" என்பாள்.

வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை திருப்பூரிலிருந்து போன் வரும். மாரிமுத்து அதிகம் பேச மாட்டார். நல்லா இருக்கியா, மாப்ள நல்லா இருக்காரா, சாப்பிட்டியா. கடைசியில் ஒரு கேள்வி: "பூத்துருச்சா தாயி?"

அந்தக் கேள்விக்காகத்தான் அவர் போனே செய்கிறார் என்பது எனக்குப் புரிய ரொம்ப நாளாகவில்லை. வளைகாப்புக்கு வரும்போது விதை கட்டித் தருகிறேன் என்று ரேவதி அப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். மொட்டுக் கட்டியதும் அவளே கூப்பிட்டுச் சொன்னாள். அதற்குப் பிறகு மொட்டு வருகிறது, பூவைக் காணோம். வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் வந்து பார்ப்பாள், பச்சை வளையங்கள் மட்டும் இருக்கும். அவள் போனில் அப்பாவிடம் சொல்லி வருத்தப்பட்டாள், எங்களிடம் சொல்லக் கூச்சப்பட்டாள்.

பூ எங்கே போய்க்கொண்டிருந்தது என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

ஜீப் ஓட்டியவரின் பக்தி

எங்கள் வீட்டுக்காரர் பஞ்சாயத்து யூனியன் ஆபீசில் ஜீப் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓட்டிய காலத்தில் கோயில் வாசலைக் கடக்கும்போது ஹாரன் அடிப்பார், அவருடைய பக்தி அதோடு சரி. ஓய்வு பெற்ற பிறகு கைக்கு ஸ்டியரிங் இல்லாமல் போனது, சாமியைப் பிடித்துக்கொண்டார்.

ரேவதிக்கு நாள் தள்ளிப்போனது தெரிந்த அன்று ஒரு வேண்டுதல் வைத்தார். பிள்ளை பிறக்கிற வரை தினமும் கோவிலூர்ச் சிவனுக்குத் தும்பைப்பூ கொண்டுபோய் வைப்பதாக. யாரிடமும் கலந்துகொள்ளவில்லை. பொழுது புலரும் முன்பே மொபெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

ஏன் தும்பை என்று கேட்டேன். "சிவனுக்கு எது புடிக்குமோ அதத்தானே குடுக்கணும்" என்றார். "எனக்கு என்ன புடிக்கும்னு இத்தன வருசத்துல கேட்டிருக்கீகளா?" என்றேன். "நீ வரம் குடுக்குற எடத்துலயா இருக்க?" என்று போய்விட்டார்.

முதலில் ரோட்டோரத்தில் கிடைத்தது. அந்த வருடம் மழை தள்ளிப்போனது. எங்கும் தும்பை முளைக்கவே இல்லை. குடலையைத் தூக்கிக்கொண்டு ஊரைச் சுற்றினார். அப்போதுதான் சொந்தக் கொல்லையிலேயே தும்பை பூத்தது. ரேவதி வெகு தூரம் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த செடி என்பது அவருக்குத் தெரியும்தான். பூ எதற்கு என்பது தெரியாது. மருமகள் செடி, மருமகள் பிரசவம், அந்தப் பூவே சாமிக்குப் போவதை விடப் பொருத்தம் வேறென்ன என்று நினைத்துக்கொண்டார். அவர் குடலையில் தும்பையை நானும் பார்த்தேன். எங்கோ அலைந்து பறித்து வருகிறார் என்று இருந்துவிட்டேன்.

யோசித்துப் பார்த்தால் அவர் செய்ததில் ஒரு துளி கெட்ட எண்ணம் கிடையாது. அவள் நன்றாகப் பெற்றுப் பிழைக்க வேண்டும் என்றுதான் பறித்தார். ஆனால் அன்றைக்குக் காலையில் செடியில் மிச்சமிருந்த மொட்டு கொஞ்சம்தான். ஒரு வாரத்தில் அதுவும் நின்றுபோனது. இலைகள் உதிரத் தொடங்கின.

அவர் கோயிலுக்குப் போவதை நிறுத்தவில்லை. வேண்டுதல் வேண்டுதல்தானே. வில்வம் கொண்டுபோனார். ரேவதியின் முன்னால் வருவதைத்தான் நிறுத்திவிட்டார். அவள் கூடத்தில் இருந்தால் இவர் வாசலில் இருப்பார், அவள் வாசலுக்கு வந்தால் இவருக்குக் கடைத்தெருவில் ஏதாவது வேலை இருக்கும்.

கோணியில் வந்த மலை

ஒரு நாள் கோயிலுக்குப் போனவர் மத்தியானம் வரை வரவில்லை. போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார். மொபெட் பஸ் ஸ்டாண்டு வாசலில் நிற்கிறது என்று தெரிந்தவர் ஒருவர் வந்து சொன்னார். நானும் ரேவதியும் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தோம்.

விளக்கு வைத்த பிறகு வந்தார். தோளில் ஒரு கோணி. வேட்டியெல்லாம் முள் கிழித்திருந்தது, ஒரு கால் செருப்பில் வார் அறுந்து சணலால் கட்டியிருந்தது.

"எங்க போனீக?" என்று கேட்டேன்.

"சிறுமலைக்கு."

மதுரையைத் தாண்டித் தனியாகப் போனதே இல்லாத மனிதர். பஸ்ஸில் ஏறினால் டிரைவருக்குப் பதிலாகத் தானே காலை அழுத்திப் பிரேக் போட்டுக்கொண்டு வருகிறவர். கொண்டை ஊசி வளைவில் எல்லாம் எத்தனை பிரேக் போட்டாரோ.

ரேவதி முன்னால் கோணியைக் கவிழ்த்தார். வாடிப்போன செடிகள் குவியலாக விழுந்தன. "இதுல எதும்மா ஒங்க அம்மா செடி? எனக்குக் கண்ணுக்கு எல்லாம் ஒண்ணாத் தெரிஞ்சுச்சு."

அவள் சிரமப்பட்டுக் கீழே உட்கார்ந்தாள். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள்.

"இது பேய்மிரட்டி மாமா."

"ம்."

"இது நாய்த்துளசி. இது... இது காட்டுக் கத்தரி மாமா."

முதலில் அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பதறிப் பக்கத்தில் போனேன். சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தக் குவியலில் அவள் தேடியது ஒன்றுகூட இல்லை.

இவரும் அசட்டுத்தனமாகச் சிரித்தார். பிறகு தோளில் கிடந்த துண்டின் முடிச்சை அவிழ்த்தார். உள்ளே கருப்பாகக் கொஞ்சம் மண்.

"வீடு இல்லம்மா, இடிச்சுட்டாக. அங்குட்டு நின்ன வாட்ச்மேன்கிட்டச் சொல்லி உள்ள போனேன். துவைக்கிற கல்லு மட்டும் ஓரமாக் கெடக்கு. அதுக்கு அடியில உள்ள மண்ணு இது. வெறுங்கையோட வர மனசு வரல."

ரேவதி அந்த மண்ணை இரண்டு கையாலும் வாங்கினாள். முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் முகர்ந்தாள். "சோப்பு வாசம் அடிக்குது மாமா" என்றாள். அடித்திருக்காது. இவர் "ஆமாம்மா" என்றார்.

அந்த இருட்டிலேயே போய், இலை உதிர்ந்துகொண்டிருந்த செடிக்கு அடியில் மண்ணைப் போட்டார்கள். நான் டார்ச் அடித்தேன். மறுநாளிலிருந்து இவர் வீட்டுக்குள் ஒளிந்து திரிவதை நிறுத்தினார்.

கத்தரிக்கோல்

மண் வந்து செடி பிழைத்துவிட்டது என்று எழுத ஆசைதான். பிழைக்கவில்லை. வளைகாப்புக்கு முந்தின நாள், நுனியில் துளி பச்சை தவிர அது வெறும் குச்சியாக நின்றது. குச்சி நெடுக, அடுக்கடுக்காகக் காய்ந்த உருண்டைகள். பூ இருந்த இடமெல்லாம் பழுப்பு நிறத்தில் சின்னச் சின்னக் கிண்ணங்களாகக் குவிந்து கிடந்தன.

மறுநாள் மாரிமுத்து வருகிறார். பெண்டாட்டியின் செடியை இந்தக் கோலத்தில் பார்க்க வேண்டாம், காய்ந்ததை எல்லாம் கழித்துவிட்டு நுனியில் உள்ள பச்சையை மட்டும் விடுவோம் என்று என் துணி வெட்டுகிற கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போனேன். வெட்டியது கீழே விழாமல் இருக்க மடியில் ஒரு வெள்ளைத் துணியை விரித்துக்கொண்டேன். அது எங்கள் தொழில் பழக்கம்.

இரண்டாவது உருண்டையை வெட்டும்போது துணியில் கருப்பாக ஏதோ விழுந்தது. எறும்பு என்று தட்டிவிடப் பார்த்தேன். எறும்பு நகரவில்லை. விரலில் ஒற்றி எடுத்தேன். கடுகை விடச் சிறிது, பட்டை பட்டையாக, மழமழவென்று கருப்பு.

இன்னொரு கிண்ணத்தை நகத்தால் பிளந்தேன். அடியில் ஒட்டி உட்கார்ந்திருந்தன.

இவர் பறித்ததெல்லாம் வெள்ளை இதழைத்தான். தும்பையைப் பறித்தவர்களுக்குத் தெரியும், இழுத்தால் வெள்ளை மட்டும் கையோடு வரும். பச்சைக் கிண்ணம் செடியிலேயே நின்றுவிடும். இவருக்கு முன்னால் வண்டு வந்து மகரந்தத்தை ஒட்டிவிட்டுப் போயிருந்ததோ, கண்ணாடி போடாமல் பறித்ததில் அடியில் உள்ள பூக்கள் தப்பியதோ, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எல்லாக் கிண்ணத்திலும் இல்லை. பலவும் வெற்றுக் கிண்ணங்கள்தான். ஆனால் இருந்தது, ஒரு உள்ளங்கைக் குழியை நிறைக்கிற அளவுக்கு இருந்தது.

"என்னங்க" என்று கூப்பிட்டேன். அந்த 'என்னங்க'வில் என்ன இருந்ததோ, மனிதர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து எழுந்து ஓடி வந்தார். துணியைக் காட்டினேன். கண்ணாடியை எடுத்துவந்து மாட்டிக்கொண்டு பார்த்தார். அப்புறம் துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டார். அவர் அழுது நான் பார்த்தது அவர் தாயார் இறந்தபோது, அதற்குப் பிறகு அன்றைக்குத்தான்.

"நீயே அவகிட்டக் குடுத்துரு" என்றார்.

"நான் எதுக்கு? பறிச்சவுக நீங்க, நீங்களே குடுங்க."

என் ஜாக்கெட் துணித் துண்டு ஒன்றில் கட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நாளைக்குச் சம்பந்தி வந்த பிறகு கொடுக்கலாம், அதுவரை வாயைத் திறக்காதே என்று எனக்கு உத்தரவு. என் வாயைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு அந்த ஒரு ராத்திரி எனக்கு எப்படிப் போயிருக்கும் என்பது தெரியும்.

தாய்வீட்டுக்குப் போகும் வழி

வளைகாப்பு நன்றாக நடந்தது. புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு என்று எல்லாம் செய்து, இரண்டு கையும் நிறைய வளையல் அடுக்கி, சந்தனம் பூசி ரேவதியை உட்காரவைத்தோம். மாரிமுத்து ஓரமாக ஒரு நாற்காலியில், சட்டைக் கழுத்துப் பொத்தான் வரை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எல்லாம் முடிந்த பிறகு எங்கள் ஒக்கூர் மதினி ஆரம்பித்தார். இவருடைய அக்கா. சாங்கியத்தில் ஒரு நூல் பிசகினாலும் பொறுக்காதவர். "வளையல் போட்டா புள்ளத்தாச்சி தாய்வீட்டுக்குப் போகணும்ல. எப்பக் கெளம்புறீக?" என்று மாரிமுத்துவைப் பார்த்துக் கேட்டார்.

மாரிமுத்து எழுந்து நின்றார். திருப்பூர் மாடி அறைக்கு எங்கே கூட்டிப்போவார்? ரத்த அழுத்தம் இருக்கிறது, பிரயாணம் கூடாது என்று டாக்டர் வேறு சொல்லியிருந்தார். இதெல்லாம் முன்பே பேசி, பிரசவம் எங்கள் வீட்டில்தான் என்று முடிவு செய்ததுதான். ஆனாலும் நாலு பேர் முன்னால் அந்தக் கேள்வி வந்து நின்றபோது அந்த மனிதர் கையில் வைத்திருந்த துண்டைச் சுருட்டிக்கொண்டே நின்றார். ரேவதி தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு மதினியின் வாயைத் தைத்துவிடலாமா என்று இருந்தது.

"இல்லாட்டி எங்க வீட்டுக்காச்சும் ஒரு ராத்திரி அனுப்பு. வாசப்படி தாண்டாம இருக்கக் கூடாது" என்றார் மதினி. அவர் கெட்டவர் இல்லை. முறை தப்பினால் பிள்ளைக்கு ஆகாது என்ற பயம்தான்.

அப்போது இவர் பேசினார். நாலு பேர் முன்னால் பேசுகிற வழக்கம் இல்லாதவர்.

"அக்கா, தாய்வீடு பின்னாலதான் இருக்கு. அந்த வீட்டு மண்ணு அங்கதான் கெடக்கு. செடியும் அங்கதான் நிக்குது. சம்பந்தி, ஒங்க மகளக் கூட்டிட்டுப் போங்க."

மதினி கொஞ்சம் யோசித்து, "அப்பக் கொல்லைக் கதவு வழியாப் போகக் கூடாது. வாசப்படி தாண்டித்தான் போகணும்" என்றார். "போறவ 'போயிட்டு வாரேன்'னு சொல்லப்படாது, திரும்பிப் பாக்கவும் கூடாது."

அப்படியே செய்தோம். ரேவதி தலைவாசலில் இறங்கினாள். சொல்லிக்கொள்ளவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை. மாரிமுத்து அவள் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். தெருவில் இறங்கி, பக்கத்துச் சந்தில் திரும்பி, சுவர் ஓரமாகச் சுற்றிக்கொண்டு அப்பாவும் மகளும் கொல்லைக்கு வந்து சேர்ந்தார்கள். வளையல் சத்தம் சுவருக்கு அந்தப் பக்கம் போவதைக் கேட்டுக்கொண்டே நாங்கள் வீட்டுக்குள் வழியாகப் போய்க் கொல்லை வாசலில் நின்றோம்.

ரேவதி துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள். மாரிமுத்து செடியின் பக்கத்தில் குந்தினார். காய்ந்த குச்சியைத் தடவிக் கொடுத்தார்.

இவர் போய்ச் சட்டைப் பையிலிருந்து அந்தச் சின்ன மூட்டையை எடுத்து ரேவதியிடம் நீட்டினார். அவள் அவிழ்த்தாள். பார்த்தாள். அப்படியே அப்பாவின் கையில் கொட்டினாள். மாரிமுத்து வாய்விட்டு அழுதார். பெண்டாட்டி செத்தபோது அழாத மனிதர் என்று ரேவதி பிறகு சொன்னாள்.

அழுது முடித்ததும் விதையில் பாதியைப் பிரித்து இவர் கையில் வைத்தார். "நீங்க வச்சுக்கங்க சம்பந்தி. சாமிக்குப் பூ வேணும்ல" என்றார்.

பொழுது சாய்கிற வரை அப்பாவும் மகளும் அங்கேயே இருந்தார்கள். நான் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தேன், அடுத்தவர் வீட்டுக்குள் போகிற மாதிரி கேட்டுக்கொண்டுதான் போனேன். விளக்கு வைக்கிற நேரத்தில் அவள் வந்த வழியே சுற்றிக்கொண்டு தலைவாசலில் ஏறினாள். மதினியே ஆரத்தி எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை போன்

பேத்தி இப்போது கொல்லை முழுக்க ஓடுகிறாள். கிணற்றடியில் அந்த விதையில் முளைத்த மலைத்தும்பை ஒரு சின்னப் புதராக நிற்கிறது. வேண்டுதல் முடிந்த பிறகும் இவர் பழக்கத்தை விடவில்லை. ஆனால் கண்ணாடி போட்டுக்கொண்டு போய், மேல் அடுக்கில் மட்டும்தான் கை வைக்கிறார். கீழ் அடுக்கெல்லாம் ரேவதி அம்மாவுக்கு. அப்படித்தான் வீட்டில் பேச்சு.

மாரிமுத்து திருப்பூர் மொட்டைமாடியில் அவர் பங்கை ஒரு பெயின்ட் வாளியில் போட்டிருந்தார். முதல் தடவை முளைக்கவில்லை. இரண்டாவது தடவை முளைத்தது கருகிப்போனது. இப்போது கேள்வி கேட்பது ரேவதியின் முறை. ஞாயிற்றுக்கிழமை தோறும் "பூத்துருச்சாப்பா?" என்பாள். "இல்ல தாயி" என்று வரும்.

போன ஞாயிற்றுக்கிழமை அவர் நல்லா இருக்கியா என்றுகூடக் கேட்கவில்லை. பேத்தி கைபட்டு ஸ்பீக்கரில் கிடந்த போன் கூடம் முழுக்கக் கேட்டது.

"பூத்துருச்சு தாயி. மேல ஒரு அடுக்கு மட்டும் பறிச்சு இங்க உள்ள சிவன் கோயில்ல வச்சேன். சம்பந்திகிட்டச் சொல்லு."

இவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. மறுநாள் காலையில் குடலை ஆணியிலேயே தொங்கியது. மனிதர் வெறுங்கையோடு கோவிலூருக்குக் கிளம்பினார்.

"பூ எடுக்கலையா?" என்று கேட்டேன்.

"சம்பந்திதான் வச்சுட்டாருல்ல. ஒரே செடிப் பூவுதானே" என்று சொல்லி மொபெட்டை மிதித்தார்.